கொடைமடமும் பூனையின் தடிமனும்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பூனைக்கு உரிய இடம் யாதென வரையறுத்துக் கூறுதல் எளிதன்று. பசுவுக்குத் தொழுவம் உண்டு. ஆட்டுக்குக் கொட்டில் உண்டு. நாய்க்குப் படலையடி உண்டு. பூனைக்கு வீடு முழுவதும் உண்டு. தனக்கென ஓர் இடம் இல்லை. அதனை விலைகொடுத்து வாங்குவோர் அரியர். ஒருநாள் வேலியின் இடைவெளியால் அது வளவுக்குள் வருகிறது. குசினி வாசலில் யாரோ மிஞ்சிய சோற்றை வைக்கிறார். மறுநாளும் அது வருகிறது. சில கிழமைகள் சென்றபின் அயலார் அதனை ‘உங்கள் பூனை’ என்று குறிப்பிடத் தொடங்குகின்றனர். வீட்டார் அச்சொல்லை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை. எழுதப்படாத இவ்வொப்பந்தம் பூனை நலமுடன் இருக்கும்வரை இடரின்றி நடைபெறுகிறது.

ஐப்பசியில் மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும் நாட்களில் அப்பூனைக்குத் தடிமன் பிடித்துவிட்டதென எண்ணிக்கொள்க. அது ஓயாது தும்முகிறது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிகிறது. இரண்டொரு நாளில் அந்நீர் தடித்து, மஞ்சள் நிறச் சளியாகிக் கண்ணிமைகளை ஒட்டிவிடுகிறது. வைத்த சோற்றை முகர முயன்று, விலகிச் சென்று, விறகுக் குவியலின் பின்னாலோ ஆறிய அடுப்பின் சாம்பலிலோ சுருண்டு கொள்கிறது. இப்பொழுது அவ்வீட்டாரின் முன்னே அதுகாறும் எழாதிருந்த வினா எழுகிறது. இது எவருடைய பூனை? இதன் துன்பத்துக்குப் பொறுப்பு எவர்? பொறுப்பென ஒன்று உண்டாயின், அது எவ்வளவு தூரம் செல்லும்? தத்துவம் பயில்வோர் இதனை அற்ப விடயமென்று ஒதுக்கக்கூடும். ஆயினும் அருள், அகிம்சை, உடைமை, கடமை எனப் பெரிய பெயர்களைத் தாங்கிய கருத்துக்கள் யாவும் பொருளுடையனவா, வெறும் ஒலிகளா என்பதை உரைத்துப் பார்ப்பதற்கு இத்தகைய சிறு விடயங்களே தக்க உரைகல்லாகும்.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். பூனையின் தடிமன் மனிதரின் தடிமன் அன்று. பெரும்பாலும் அதற்குக் காரணமாவன இரு வைரசுகள்: பூனைக்குரிய ஹேர்ப்பீஸ் வைரசு ஒன்று, கலிசி வைரசு மற்றொன்று. கிளமிடியா முதலான பற்றீரியாக்கள் தனித்தோ இவற்றோடு சேர்ந்தோ நோயை வளர்ப்பதுண்டு. கலிசி வைரசு நாவிலும் வாயிலும் புண்களை உண்டாக்கும். ஹேர்ப்பீஸ் கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கவல்லது. இவ்விரு வைரசுகளும் பூனையிலிருந்து பூனைக்குத் தொற்றுமேயன்றி மனிதருக்குத் தொற்றுவதில்லை. மனிதருக்கு வரும் சாதாரணத் தடிமனும் பூனையைப் பற்றுவதில்லை. (கொவிட் பெருந்தொற்று இதற்கு விலக்காயிற்று. 2021 யூன் மாதத்தில் தெஹிவளை விலங்கியற் பூங்காவின் சிங்கம் ஒன்றுக்கே அத்தொற்று உறுதிசெய்யப்பட்டது.) வளர்ந்த, உடல்வலிமையுள்ள பூனை 7 முதல் 10 நாட்களில் தேறிவிடும், சிலவேளை 3 கிழமைகளும் செல்லும். குட்டிகளுக்கு இதே நோய் உயிராபத்தாகும்.

இந்நோயிற் பூனையைக் கொல்வது பெரும்பாலும் தும்மலன்று, பட்டினியே. மூக்கடைத்த மனிதன் சுவையறியாமலேனும் உண்பான். பூனைக்கோ மணமே உணவின் அடையாளம்; மணமறியாத பொருளை அது உணவென ஏற்பதில்லை. சில நாட்கள் தொடர்ந்து உண்ணாதிருப்பின், சிறப்பாகக் கொழுத்த பூனையாயின், உடற்கொழுப்பு ஈரலிற் சென்று படிந்து ஈரலே செயலிழக்கும் நிலை தோன்றலாம். ஆகவே மருந்தினும் முந்தியது ஊட்டுதல். இளஞ்சூடான உப்புநீரில் தோய்த்த துணியால் மூக்கையும் கண்ணையும் துடைத்து வழிதிறத்தல், வாடை படாத மூலையிற் கடகமொன்றிற் பழஞ்சேலையை விரித்துக் கிடத்துதல், உணவை வெதுப்பி மணமெழச் செய்து விரல்நுனியில் வைத்துக் காட்டுதல், நீர் அருந்தச் செய்தல் எனும் இவையே சிகிச்சையின் பெரும்பகுதி. வைரசைக் கொல்லும் ஆற்றல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இல்லை. பின்னர் வந்து சேரும் பற்றீரியாவை அடக்கவே வைத்தியர் அவற்றைக் கொடுக்கின்றனர்.

இவ்வளவையும் செய்யவேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா என்பதே இனி நோக்கற்பாலது. இல்லையென்போர் கூற்றும் வலிமையற்றதன்று. பூனை தானே வந்தது. தானே போகவும் வல்லது. எலி பிடித்ததற்குச் சோறு கூலியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பர் அவர். மேலைத்தேய மெய்யியலிற் காண்ற் என்பார் விலங்குகளுக்கு நேரடியாக மனிதர் எக்கடமையும் கொண்டிலர் என்றும், விலங்கைத் துன்புறுத்துபவன் மனிதர்பாலும் கொடியவனாகப் பழகிவிடுவான் ஆதலாலேயே அது தவிர்க்கத்தக்கது என்றும் தம் விரிவுரைகளிற் கற்பித்தார். அவ்வாறாயின் நோயுற்ற பூனை மனிதனின் நற்பழக்கத்துக்குரிய பயிற்சிக்கருவி மாத்திரமே. 1789இல் வெளிவந்த தம் நூலிற் பெந்தாம் இதனை மறுத்தார். ஓர் உயிர் சிந்திக்குமா, பேசுமா என்பதல்ல, துன்புறுமா என்பதே கேட்கத்தக்கது என்பது அவர் நிலைப்பாடு. தமிழ் மரபுக்கு இவ்வாதம் புதிதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியல், விலங்குக்கு ஐம்புல உணர்வு உண்டென்பதை ஐயத்துக்கிடமின்றி ஏற்கிறது. (அதே மரபியல் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் ஒரே பெயரை விதிக்கிறது. பூனையையும் எலியையும் ஒரே சூத்திரத்தில் அமர்த்திய துணிவு இலக்கண ஆசிரியருக்கே உரியது.) உயிர்கள் யாவும் தன்மையால் ஒத்தவை, வினைக்கேற்ப உடல்களே வேறுபட்டன என்னும் சைவசித்தாந்தமோ பூனைக்கும் அதனைத் தூக்கிவைத்திருப்பவருக்கும் இடையிலான தூரத்தை இன்னும் குறைத்துவிடுகிறது.

கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறுள்ளது? யாழ்ப்பாணத்தில் வேண்டாத பூனைக்குட்டிகளை எவரும் கொல்வதில்லை. உரப்பையிற் போட்டுக் கட்டி, துவிச்சக்கரவண்டியிற் கொண்டுசென்று, சந்தைப்புறத்திலோ கோவில் வீதியிலோ வேற்றூர்ப் பற்றைக்காட்டிலோ அவிழ்த்துவிடுவதே வழக்கம். ‘கொல்லவில்லை, எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்’ என்ற மனநிறைவோடு வண்டி திரும்புகிறது. மழையில் நனைந்து, தடிமன் பற்றி, கண்கள் ஒட்டிப்போய், தாயுமின்றி அக்குட்டிகள் மூன்றாம் நாளில் என்னவாகும் என்பது வண்டியோட்டியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொல்லாமை என்னும் உயர்ந்த அறம் இங்கே கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. 1928இற் சபர்மதி ஆச்சிரமத்தில் மீட்கவியலா நோயுற்று வேதனைப்பட்ட கன்றொன்றை ஊசிமருந்தால் உயிர்நீக்கக் காந்தியடிகள் இசைந்தபோது எழுந்த கண்டனங்களை இங்கு நினைவுகூரலாம். அச்செயல் சரியா தவறா என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஆயின் அகிம்சை என்பது நான் செய்யாதிருப்பதைப் பற்றியதா, அவ்வுயிருக்கு நேர்வதைப் பற்றியதா என்ற வினாவை மறைக்கமுடியாதவாறு அது முன்வைத்தது. உரப்பையைக் கட்டுபவர் முதலாவது விடையைத் தெரிந்தெடுத்தவர்.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இஸ்லாமிய மரபில் நன்கறியப்பட்ட நபிமொழியொன்று தெளிவான குறிப்பைத் தருகிறது. ஒரு பெண் பூனையொன்றை அடைத்துவைத்தாள், உணவும் கொடுக்கவில்லை, வெளியே சென்று நிலத்துச் சிற்றுயிர்களை உண்ணவும் விடவில்லை, பூனை இறந்தது, அதன்பொருட்டு அவள் தண்டனைக்கு உள்ளானாள் என்பது அதன் பொருள். இங்கே குற்றம் உணவளியாமை மாத்திரமன்று. அவ்வுயிர் தானே தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டு, அதன்பின் அதனைக் கைவிட்டமையே குற்றம். அண்மைக் காலத்தில் கிளெயர் பாமர் என்னும் மெய்யியலாளர் 2010இல் வெளியான தம் நூலில் இதனோடு ஒத்த நெறியில் வாதித்தார். காட்டு விலங்கு நோயுற்றாற் குறுக்கிடாதிருத்தல் தகும். மனிதரைச் சார்ந்திருக்குமாறு மனிதராலேயே ஆக்கப்பட்ட விலங்கின் நிலை வேறு என்பது அவர் கருத்து. குசினி வாசலில் வைத்த சோறு இவ்வகையில் அற்பமான செயலன்று. நாள்தோறும் சோறு வைப்பவர் பூனையின் வேட்டைப் பரப்பைச் சுருக்குகிறார்; அதன் நம்பிக்கையை ஒரு வாசலிற் கட்டிப்போடுகிறார். ‘தானே வந்தது’ என்பது முதல்நாளைப் பொறுத்தவரை மெய். நூறாம் நாளில் அது மெய்யன்று.

கடமை உண்டென்று கொண்டபின்னரும் வினா முடிந்துவிடுவதில்லை. சொல்லப்போனால் இங்கேதான் அது கடினமாகிறது. விலங்கின்பால் அருள் என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வருபவன் பேகன். குளிரால் நடுங்குகிறது என்றிரங்கி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன் அவன். பரணரின் புறப்பாடல்கள் இந்நிகழ்வை இருவகையாகக் காட்டுகின்றன. ஓரிடத்தில் மயில் பனியால் வருந்துமென்று எண்ணி ஈந்தான். பிறிதோரிடத்தில் அது உடுக்கவோ போர்க்கவோ மாட்டாதென்று அறிந்தும் ஈந்தான். அவனது இவ்வியல்பைக் குறிக்கக் ‘கொடைமடம்’ என்னும் அழகிய சொல்லையும் பரணர் ஆளுகிறார். கொடுக்குமிடத்துத் தகுதியும் பயனும் நோக்காத அப்பேதைமை பழியன்று, புகழே என்பது புலவர் கருத்து. கொடுப்பவனின் உள்ளப்பெருக்கே அங்கு போற்றப்படுகிறது. பெறுபவர்க்கு அதனால் யாது நேர்ந்தது என்பதைப் பாடல் கேட்பதில்லை. மயிலுக்கு நன்மையில்லை, ஆயினும் தீங்குமில்லை. போர்வையை உதறிவிட்டு அது தன் வழியே சென்றிருக்கும்.

நோயுற்ற பூனையிடத்துக் கொடைமடம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் யாழ்ப்பாணத்துத் தாய் முதலில் தேடுவது பனடோற் குளிசையை. பூனையைத் தொட்டுப் பார்க்கிறாள், உடல் சுடுகிறது. பிள்ளைக்குக் கொடுப்பதிற் பாதியைத் தூளாக்கிப் பாலிற் கலந்து, துணியாற் சுற்றிப் பிடித்து, பரிவோடு வாயில் ஊற்றுகிறாள். அப்பாதிக் குளிசை அப்பூனையைக் கொல்லப் போதுமானது. பரசிற்றமோலை நஞ்சகற்றி வெளியேற்றும் நொதியம் மனித ஈரலிற் போதிய அளவு உண்டு. பூனையின் ஈரலில் அது மிகக் குறைவு. எஞ்சி நிற்கும் நச்சுப்பொருள் குருதியின் ஈமோகுளோபினைத் தாக்கி, ஒட்சிசனைச் சுமக்கவியலாததாக்குகிறது. முரசு நீலமோ கபிலமோ ஆகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன, மூச்சுத் திணறுகிறது. வீட்டார் அதனைத் தடிமன் முற்றிவிட்டதெனக் கருதி மேலும் கால் குளிசையைக் கொடுக்கவும் கூடும்.

இன்னும் நோக்குக. பூனையின் உடல் சுட்டதே, அது காய்ச்சலன்றோ எனின், அன்று. மனிதரின் உடல்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு, நலமுள்ள பூனையினதோ 38 முதல் 39 பாகை. மனிதக் கைக்கு எப்பூனையும் காய்ச்சற்பூனையே. மடியிற் கிடந்து குறுகுறுவென ஒலியெழுப்புகிறதே, சுகமாக இருக்கிறதன்றோ எனின், அதுவும் உறுதியன்று. நோயிலும் வலியிலும்கூடப் பூனை அவ்வொலியை எழுப்பும். தடிமனுக்கு உள்ளி நல்லதன்றோ எனின், உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. வலிகாமத்துச் செம்மண்ணின் செல்வமென விளையும் சின்ன வெங்காயம் அவ்வளவுக்குள்ளேயே வாழும் பூனைக்கு நஞ்சாக அமைந்தமை இயற்கையின் முரண்களுள் ஒன்று. நெஞ்சிற் பூசும் கற்பூரத் தைலமும், ஆவிபிடிக்கும் நீரில் விடும் யூக்கலிப்டசு எண்ணெயும் அவ்வாறே தீங்கு பயப்பவை. பூனை தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்வதாற் பூசியவை யாவும் வயிற்றுக்குட் செல்கின்றன. ஒரு தலைமுறை அன்போடு கற்றுவைத்த கைமருந்துகள் அனைத்தும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைத்துப்போகின்றன.

இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர், பிறிதோர் உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போற் கருதிக் காவாவிடத்து அறிவினாற் பயனில்லை என்னும் கருத்தைக் கூறுகிறார். அருளற்ற அறிவை நோக்கிய கண்டனம் அது. பூனையின் தடிமன் அதன் மறுபக்கத்தை வேண்டிநிற்கிறது. ‘தன் துன்பம்போல்’ என்பதை எழுத்துக்கெழுத்து எடுத்துக்கொண்டு, தனக்கு உதவிய மருந்தே அதற்கும் உதவுமென்று கருதியவரன்றோ குளிசையை ஊட்டினார்? பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் உணர்தல் அருளின் தொடக்கம். அந்நோய் தன்னுடையது போன்றதன்று என்று அறிதல் அதன் அடுத்த படி. இரண்டாம் படி முதலாவதைக் காட்டிலும் கடினமானது. ஏனெனில் அதில் உள்ளப்பெருக்கின் இன்பம் இல்லை. கண்டு, கேட்டு, கையை அடக்கிக்கொள்ளும் பொறுமையே அதிலுண்டு. பூனையோடு விளையாடுவது தானா, தன்னோடு விளையாடுவது பூனையா என்று பிரெஞ்சு நாட்டு மொந்தேயின் பதினாறாம் நூற்றாண்டில் ஐயுற்றது வேடிக்கைப் பேச்சன்று. அதன் உள்ளத்தைத் தான் அறியேன் என்னும் ஒப்புதல் அது. மருந்தூட்டும் கைக்கும் அவ்வையம் வேண்டும்.

அறிந்தவரை நாடுதலே வழி என்பது வெளிப்படை. மருத்துவர் உண்டு. ஆயின் அவர் ‘கால்நடை’ என்னும் சொல்லின் பின்னால் இருக்கிறார். குடாநாட்டு மக்கள் அவ்வலுவலகத்துக்குப் பசுவையும் ஆட்டையும் பற்றிப் பேசவே சென்று பழகியவர்கள். பூனையைக் கடகத்தில் வைத்து மூடிக்கொண்டு செல்பவர் அயலாரின் புன்னகையைக் கடந்தே செல்லவேண்டும். நெடுந்தீவிற் பூனை வளர்ப்பவருக்குப் புன்னகையோடு கடலையும் கடக்கவேண்டியுள்ளது. வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனை, கண்மணி வெண்படலம் படர்ந்த பூனை, இரண்டு நாளாக ஒன்றும் உண்ணாத பூனை, எந்தக் குட்டியுமே வைத்தியரிடம் சேர்க்கப்படவேண்டியவை. மற்றவற்றைச் சுடுநீரும் துணியும் பொறுமையுமே காக்கும். வெட்கம் என்பது அறவியல் நூல்களிற் பேசப்படாத தடை. ஆயினும் கடமைக்கு உரிய பல செயல்கள் அதனாலேயே நின்றுபோகின்றன.

இனி, யாழ்ப்பாணத்துக்கே சிறப்பாக உரிய இடர் ஒன்று உண்டு. சைவ உணவே உண்ணும் வீடு என எண்ணிக்கொள்க. புலாலுண்ணலைக் கடிந்து நாவலர் பாலபாடத்தில் எழுதியவற்றைப் பள்ளிப் பருவத்திற் படித்து வளர்ந்த பாட்டனார் அவ்வீட்டில் இருக்கிறார். மீன்சட்டி அக்குசினியின் அடுப்பை ஒருநாளும் கண்டதில்லை. அங்கும் பூனை உண்டு, அதுவும் கொழுகொழுவென்றிருக்கிறது. எங்ஙனம்? வீட்டில் அதற்குச் சோறும் பாலும். வேலிக்கு அப்பால் அயல்வீட்டு மீன்வெட்டும் இடத்திற் செதிலும் குடலும் தலையும். பூனையின் இரட்டை வாழ்க்கையை யாவரும் அறிவர், எவரும் பேசுவதில்லை. சைவ வீட்டின் பூனை சைவப்பூனை என்னும் இனிய நடிப்பு பல ஆண்டுகள் தடையின்றி நடந்துவருகிறது.

தடிமன் இந்நடிப்பைக் கலைத்துவிடுகிறது. நோயுற்ற பூனை வேலி கடக்காது. மணமற்ற தயிர்ச்சோற்றை அது தீண்டாது. பால் கொடுப்பின், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லையாதலால் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ளும். பூனை இயல்பாலேயே ஊனுண்ணி. அதன் உடலுக்கு இன்றியமையாத தோறின் முதலிய பொருள்கள் இயற்கையில் ஊனிலேயே போதியளவு கிடைக்கின்றன. தாவர உணவிலிருந்து அவற்றை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. அடைத்த மூக்கையும் ஊடுருவவல்ல மணம் அவித்த சூடைமீனுக்கே உண்டு. இப்பொழுது பாட்டனார் முன் நிற்பது ஏட்டுவினா அன்று. ஓர் உயிரைக் காக்கப் பல உயிர்களின் ஊனை வாங்கலாமா? கொல்லாமை நெறியை மீறாமற் பூனையைச் சாகவிடுவதா, பூனையைக் காக்க அந்நெறியைத் தளர்த்துவதா?

எண்ணிக்கையாற் கணக்கிடுவோர் விடையை விரைந்து கூறிவிடுவர்: ஒரு பூனையின் வாழ்நாளுக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் எனின், பூனையைக் காத்தலே பிழையாகும். இக்கணக்கில் ஒரு குறை உண்டு. அக்கணக்கு நோயின்போது மாத்திரம் எழுப்பப்படுகிறது. பூனை கொழுத்திருந்த காலத்தில் எவரும் அதனை எழுப்பவில்லை. அயல்வீட்டு மீனை அது உண்டதும் இவ்வீட்டுப் பூனை என்ற முறையிலேயே அன்றோ? பூனையை வைத்திருக்க இசைந்த நாளிலேயே மீனுக்கும் இசைந்தாயிற்று. அவ்விசைவு அயலாரின் கையால் நடைபெற்றமையாற் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. மீன்சந்தையில் ஒரு கைப்பிடி சூடையை வாங்கும்போது பாட்டனார் புதியதொரு பாவத்தைச் செய்யவில்லை. பழைய கணக்கொன்றைத் தம் பெயரில் எழுதிக்கொள்கிறார். இதனை ஒவ்வாதவர் செய்யக்கூடிய நேர்மையான செயல் ஒன்றுண்டு: பூனையை வைத்திராதிருத்தல், அதாவது முதல்நாளிற் சோறு வையாதிருத்தல். நோயுற்றபின் கொள்கையை நினைவுகூர்வது அந்நேர்மையுள் அடங்காது. மீனை வளவின் மூலையில் மூன்று கல் வைத்து அவிக்கலாம். பழைய சட்டியொன்றை அதற்கென ஒதுக்கலாம். குசினியின் தூய்மையும் பூனையின் உயிரும் ஒருங்கே காக்கப்படும் இவ்வழியைப் பல வீடுகளில் ஆச்சிமார் எந்த மெய்யியலும் பயிலாமலே கண்டுபிடித்துள்ளனர்.

ஆச்சிமாரைக் குறிப்பிட்டது தற்செயலன்று. பொறுப்பு எவருடையது என்னும் வினாவுக்கு ‘வீட்டாருடையது’ என்று விடை கூறுவது நூலுக்குப் பொருந்தும். நடைமுறையில் அது ஒருத்தியின் தலையில் இறங்குகிறது. சாமத்தில் எழுந்து பூனையின் ஒட்டிய கண்ணைத் துடைப்பவளும், அதன்பின் மற்றப் பூனைகளுக்குத் தொற்றாதவாறு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுபவளும், உணவுத்தட்டைத் தனியே வைப்பவளும் பெரும்பாலும் அவளே. பூனை வேண்டுமென்று அடம்பிடித்த பிள்ளைகளும், அருளறம் பற்றிச் சொற்பொழிவாற்றும் ஆடவரும் அவ்வேளையில் உறங்குகின்றனர். ஒரு வீட்டின் கருணை எவருடைய உறக்கத்தைக் கொண்டு நடைபெறுகிறது என்று கேளாமல் அதனைப் போற்றுதல் முறையாகாது.

மனிதர் துன்புறும்போது பூனைக்கு வைத்தியமா என்னும் மறுப்பு இறுதியாக எழும். அதற்கும் பேகனே சான்றாக வந்து நிற்பது வியப்புக்குரியது. மயிலுக்கு இரங்கிய அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளைக் கண்ணீரில் ஆழ்த்தியவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் பரிசில் வேண்டாது, அவளிடம் செல்லுமாறு அவனை இரந்தனர். அவர்களுள் எவரும் மயிலுக்கு ஈந்தது பிழையென்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. மயிலுக்கு இரங்கிய நெஞ்சு மனைவிக்கும் இரங்கவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். ஓர் அருளைக் குறைத்து மற்றொன்றை நிரப்பும்படி அவர் கேட்டிலர்.

இருப்பினும் இல்லாமை மெய்யாகவே வந்துவிடும் காலங்கள் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருத்துவமனைகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையினூடே கடந்து தென்மராட்சி நோக்கிச் சென்றனர். முதியோரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தித் தள்ளிச் சென்றவர்கள் பூனையை விட்டுச்சென்றதைக் குற்றமென்று கூறத் துணிபவர் அறவியலை அறியாதவர். அவர்களிற் சிலர் புறப்படுமுன் சட்டியிலிருந்த சோறு முழுவதையும் முற்றத்திற் கொட்டிவைத்திருப்பர், செய்யக்கூடியது அவ்வளவே. ஆயின் அவ்விரவின் நியாயத்தை அமைதியான காலத்து வசதியின்மைக்கு எடுத்தாளுதல் தகாது. பூனையின் தடிமனுக்கு வேண்டியவை சுடுநீர், உப்பு, கிழிந்த சேலைத்துண்டு, ஒரு கைப்பிடி மீன், பத்து நாட்கள். இவற்றுள் எதுவும் நோயுற்ற மனிதரிடமிருந்து பறிக்கப்படுவதன்று. பத்து நாட்களே அவற்றுள் விலைமிக்கது. ‘மனிதர்க்கே இல்லை’ என்னும் வாதம் பெரும்பாலும் அப்பத்து நாட்களைத் தரவிரும்பாமையின் வேறு பெயராகவே ஒலிக்கிறது.

பூனை தேறியதும் வீட்டார் மூச்சுவிடுவர். ஆனால் ஹேர்ப்பீஸ் வைரசு உடலைவிட்டு நீங்குவதில்லை. ஒருமுறை தொற்றிய பூனைகளுட் பெரும்பாலானவற்றில் அது நரம்புக் கலங்களில் அடங்கிக் கிடந்து, குளிர், அச்சம், இடமாற்றம், குட்டியீனுதல் முதலிய நெருக்கடிகளில் மீண்டும் தலைகாட்டும். தடுப்பூசியும் தொற்றை முற்றாகத் தடுப்பதில்லை. நோயின் கடுமையைத் தணிக்கும். ஆகவே கொடுத்துத் தீர்க்கும் கடனாக இதனைக் கருதவியலாது. தை பிறந்து வெயிலேறியபின் அப்பூனை பழையபடி வேலி கடந்து அயல்வீட்டு மீன்தலையை நாடிச் செல்லும். அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழும் இரவில், குசினி மூலையிலிருந்து மீண்டும் ஒரு தும்மல் கேட்கும்.